பத்தொன்பது சென்டிமீட்டர்

என் அக்காவின் கணவர் வாலிபால் ஆடியவர் இல்லை. முதல் வரியிலேயே இதை எழுதிவிடுகிறேன். கள்ளக்குறிச்சியிலிருந்து எங்கள் ஊருக்குத் திரும்பும் முக்கில் பத்தடிக்கு ஆறடியில் ஒரு ஃபிளக்ஸ் நிற்கிறது. அதில் அவர் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டு, கீழே 'மறைந்த முன்னாள் வீரர்' என்று அச்சடித்திருக்கிறார்கள். முப்பத்தொரு வருடம் அவர் எங்கள் ஊர் வாலிபால் மைதானத்துக்குப் போனார். ஒரு நாள்கூட அவரை ஆடக் கூப்பிட்டதில்லை. செத்த பிறகு வீரர் ஆக்கியிருக்கிறார்கள்.

நான் பதினேழு வயதிலிருந்து டைரி எழுதுகிறவன். பார்த்ததை மட்டும் எழுதுவது, ஊகித்ததை எழுதுவதில்லை என்பது என் விதி. அந்த விதியை ஒரே ஒரு முறை மீறினேன். அதைப் பற்றியும் இதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

மாமா அரிசி மில்லில் நெல் அவிக்கும் வேலையில் இருந்தார். மில்லுக்கு ஞாயிறு கிடையாது. மற்றவர்களுடைய சனிக்கிழமை ஷிஃப்டையும் சேர்த்துப் பார்த்துக் கொடுத்து ஞாயிற்றுக்கிழமையை அவர் வாங்கிக்கொள்வார். காலை ஆறு மணிக்கு முன்பே மைதானத்துக்குப் போய்விடுவார். கூட்டுவது, தண்ணீர் தெளிப்பது, சுண்ணாம்புத் தூளில் கோடு போடுவது, வலை கட்டுவது எல்லாம் அவர்தான். வலை அவர் வீட்டில்தான் இருக்கும். அறுந்த கண்ணியை நைலான் கயிற்றால் அவரே முடிந்து வைப்பார். வலையை எங்கள் பக்கம் 'நெட்டு' என்போம், அதுவேதான் மைதானத்தில் அவருக்குப் பெயர். இருபது வயதுப் பையன்களும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். "யோவ் நெட்டு, தண்ணி எங்க?" என்பார்கள். அவர் சிரித்துக்கொண்டே குடத்தைத் தூக்கிக்கொண்டு போவார். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது.

அவரிடம் ஒரு மூங்கில் கோல் இருந்தது. கல்வராயன் மலையில் ஒரு ஊர்த் திருவிழாவுக்கு எங்கள் டீம் ஆடப் போனபோது அங்கே ஒருவரிடம் கேட்டு வெட்டி வாங்கிவந்தது. அதில் கத்தியால் ஒரே ஒரு வெட்டு. தரையிலிருந்து அந்த வெட்டு வரை இரண்டு மீட்டர் நாற்பத்து மூன்று சென்டிமீட்டர். வலையின் மேல் விளிம்பு அந்த வெட்டில் நிற்க வேண்டும். இரு ஓரங்களிலும் வைத்துப் பார்ப்பார், பிறகு நடுவில் வைத்துப் பார்ப்பார். நடுவில் ஒரு விரல்கடை தொய்ந்தாலும் அவிழ்த்து மறுபடி இழுத்துக் கட்டுவார். அதற்குள் பையன்கள் பந்தை எடுத்துக்கொண்டு கத்த ஆரம்பித்துவிடுவார்கள். அவர் காதில் வாங்கமாட்டார். அந்த ஒரு விஷயத்தில்தான் அவர் யாருக்கும் பணியவில்லை.

அந்த மலை ஆட்டத்தைப் பற்றி இன்னொன்றும் டைரியில் இருக்கிறது. மலைப் பையன்கள் வெறுங்காலில் ஆடி எங்கள் டீமை மூன்றுக்கு ஒன்று என்று தோற்கடித்தார்கள். அவர்களில் ஒருவன் நல்ல பந்து ஒன்று போட்டதும் மாமா கை தட்டிவிட்டார். யார் ஆடினாலும் ஆட்டம் நன்றாக இருந்தால் அவர் கை தானாகத் தட்டும். அதற்குத் தண்டனையாகத் திரும்பும்போது அவரை வேனில் ஏற்றவில்லை. வலையையும் கம்பங்களையும் மட்டும் ஏற்றிக்கொண்டார்கள். அவர் கோலைத் தோளில் வைத்துக்கொண்டு வெள்ளிமலை வரை நடந்து, பஸ் பிடித்து, கச்சிராயபாளையத்தில் இறங்கி வீட்டுக்கு வந்தார். வந்தவர் அந்த மலைப் பையனின் ஆட்டத்தைப் பற்றித்தான் பேசினார். வேனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

வீட்டில் அவர் வேறு ஆள். ஞாயிறு சாப்பாட்டுக்கு உட்காரும்போது ஆறு டம்ளர்களை இந்தப் பக்கம் மூன்றும் மூன்றுமாக வைப்பார். எதிர்ப்பக்கத்துக்கு ஆறு எலுமிச்சம்பழம், அது இல்லாவிட்டால் வெங்காயம். நடுவில் அகப்பை, அதுதான் வலை. காலையில் நடந்த ஆட்டத்தை முதல் பாயின்டிலிருந்து நடத்திக் காட்டுவார். இரண்டு மகள்களும் ஆளுக்கொரு பக்கத்தை நகர்த்த வேண்டும்.

"சோறு ஆறிப்பூடுது. துன்னுட்டு அப்பறம் சர்வீஸ் போடுங்க" என்பாள் அக்கா.

"இரு இரு. அவன் லிஃப்ட் குடுத்துட்டான். அந்தரத்துல நிக்குது பந்து. இப்ப போயி சோறுன்றியே."

"பந்து அந்தரத்துல நிக்கட்டும், கொழம்பு அடுப்புல நிக்குது."

பெண்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவர் குடித்ததில்லை, சீட்டு ஆடியதில்லை. மகள்களுக்குத் தலை வாரிப் பின்னிவிட்ட ஆண்பிள்ளை எங்கள் தெருவில் அவர் ஒருவர்தான். மைதானத்தில் தனக்கு என்ன மரியாதை என்று பெண்களுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதில் மட்டும் கவனமாக இருந்தார். அவர்களை மைதானத்துக்குக் கூட்டிப்போனால் எதிர்ப்பக்க வேலமர நிழலில் உட்காரவைத்துவிடுவார். அங்கிருந்து பார்த்தால் ஆட்டம் தெரியும், பேச்சு கேட்காது.

பெரியவளுக்கு அப்போது பதிமூன்று வயது. டம்ளரைத் தள்ளித் தள்ளியே ஆட்டம் முழுவதும் அவளுக்கு மனப்பாடம். உயரமான பெண். வலைக்கு மேல் எம்பிப் பந்தை அடித்து இறக்குவதை எங்கள் பக்கம் 'கட்' என்போம். அவள் வாசலில் துணிக்கொடிக்கு மேலாகக் கட் அடித்து அடித்துப் பக்கத்து வீட்டு ஓட்டை உடைத்திருக்கிறாள். விளையாட்டு விடுதிக்கு மாணவிகளைத் தேர்வு செய்கிறார்கள், விழுப்புரத்தில் தேர்வு என்ற செய்தியைப் பேப்பரில் பார்த்து நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். தேர்வானால் படிப்பு, சாப்பாடு, பயிற்சி எல்லாம் அங்கேயே. மாமா அதை நான்கு முறை படிக்கச் சொன்னார். அவள் படித்த பள்ளியில் விளையாட்டு ஆசிரியர் இல்லை, வலையும் இல்லை. ஊரில் இருந்த ஒரே வலை மாமா வீட்டுப் பரணில் இருந்தது.

மைதானத்தை நடத்தும் வாலிபால் கிளப்பின் செயலாளரிடம் கேட்கப் போனோம். அவர் நிலபுலன் உள்ளவர், நடுவர் பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்கியவர். கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும். வாரநாட்களில் காலை ஒரு மணி நேரம், யாரும் ஆடாத நேரத்தில், மகள் அந்த மைதானத்தில் பழகலாமா என்று மாமா கேட்டார். கேட்கும்போது செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"பொட்டப் புள்ள கிரவுண்டுல எகிறிக்கினு இருந்தா, பசங்க பந்தையா பாப்பானுங்க?" என்றார் செயலாளர்.

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். நான் வாயைத் திறந்தேன். "வுடு மச்சான்" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். வழியில் நான் அவரைத் திட்டினேன். "மாமா, ஒன் பொண்ண சொல்றான், நீயும் சிரிச்சிக்கினு நிக்கிற" என்றேன். "அந்த கிரவுண்டு இல்லன்னா இன்னா, ஏரிக்கரையில எடம் இல்லயா?" என்றார். அவ்வளவுதான் அவர் பதில்.

ஏரிக்கரை ஓரம் புறம்போக்கில் முள்ளை வெட்டினார். இரண்டு குழி தோண்டி மூங்கில் நட்டார். அடுப்புச் சாம்பலால் கோடு போட்டார். திங்கள் முதல் சனி வரை கிளப் வலை அங்கே இருக்கும். ஞாயிறு விடிவதற்குள் அவிழ்த்து மைதானத்துக்குக் கொண்டுபோய்விடுவார். மில்லிலிருந்து வந்ததும் தூங்காமல் மகளுக்குப் பந்து தூக்கிக் கொடுப்பார். நான் கரைமேல் உட்கார்ந்து எண்ணுவேன். நாளொன்றுக்கு நூறு கட். எத்தனை உள்ளே, எத்தனை வெளியே, எத்தனை வலையில் என்று மூன்று பத்திகள். முதல் நாள் பக்கத்தின் தலைப்பில் என் கையெழுத்தில் இருக்கிறது: 'வலை உயரம் 2.43. மாமா மூன்று இடத்தில் சரிபார்த்தார்.'

பெண்களுக்கு வலையின் உயரம் இரண்டு மீட்டர் இருபத்து நான்கு. பத்தொன்பது சென்டிமீட்டர் குறைவு, ஏறக்குறைய ஒரு சாண். எங்கள் இருவருக்கும் அது தெரியாது. இத்தனை வருடம் வாலிபாலிலேயே கிடந்த மனிதருக்கு எப்படித் தெரியாமல் போகும் என்று கேட்கலாம். அவர் பெண்கள் ஆடிய ஒரு ஆட்டத்தைக்கூடப் பார்த்ததில்லை. எங்கள் மைதானத்தில் பெண்கள் ஆடியதே இல்லை. அவருக்குத் தெரிந்த உயரம் கோலில் இருந்த அந்த ஒரு வெட்டுதான். எனக்கு அந்தச் சமாதானமும் இல்லை. நான் படித்தவன், நூலகத்தில் ஒரு புத்தகத்தைப் புரட்டியிருந்தால் தெரிந்திருக்கும். ஒவ்வொரு பந்தையும் எண்ணினேன், வலையைச் சந்தேகப்படவில்லை.

மூன்று மாதத்துக்குமேல் அவள் அந்த உயரத்தில் பழகினாள். அந்த வலைக்கு மேல் பந்தை அழுத்தி இறக்க அவளுக்கு எட்டாது. ஆகவே தூக்கி அடிக்கப் பழகிக்கொண்டாள். நூறில் எண்பது வரை உள்ளே விழ ஆரம்பித்ததும் நாங்கள் மூவரும் கேசரி கிண்டச் சொல்லிச் சாப்பிட்டோம். அதுவும் டைரியில் இருக்கிறது.

அந்த நாட்களில் ஒரு சனிக்கிழமை செயலாளர் ஏரிக்கரைக்கு வந்தார். மறுநாள் ஆட்டத்துக்கு வெளியூர் டீம் வருகிறது, வலை நேரத்துக்கு வர வேண்டும் என்று சொல்ல வந்தவர். பத்து நிமிடம் நின்று பார்த்தார். "பாப்பா நல்லா எகிறுது" என்றார். மாமாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. செயலாளர் போகும்போது ஒரு தடவை திரும்பி வலையைப் பார்த்தார். அதையும் எழுதியிருக்கிறேன். ஏன் பார்த்தார் என்று எழுதவில்லை. என் விதி அப்படி.

விழுப்புரத்தில் மைதானத்தைச் சுற்றிக் கயிறு கட்டிப் பெற்றோர்களை வெளியே நிறுத்திவிட்டார்கள். நானும் மாமாவும் கயிற்றுக்கு இந்தப் பக்கம். ஆண் பிள்ளைகளின் தேர்வு வேறு இடத்தில். அங்கே பெண்களுக்கான ஒரு வலை மட்டும் கட்டியிருந்தது. டைரியில் அன்றைய பக்கம் இப்படி இருக்கிறது: 'மாமா வந்ததிலிருந்து பேசிக்கொண்டிருந்தார். வலையருகே அவளைக் கூப்பிட்டதும் பேச்சை நிறுத்தினார். தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று போனார். இருபது நிமிடம் வரவில்லை. அவளுக்குப் பத்துப் பந்து. ஆறு பின்கோட்டைத் தாண்டி வெளியே. மூன்றில் கை வலையில் பட்டது. ஒன்று உள்ளே. தேர்வாகவில்லை.'

திரும்பும் பஸ்ஸில் மாமா முன்னால் டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்தார். எனக்கும் அவளுக்கும் கடைசி சீட்டு. பஸ் உளுந்தூர்பேட்டையைத் தாண்டியது. அவள் என் காதருகே குனிந்து சொன்னாள்.

"மாமா, அங்க நெட்டு கம்மியா இருந்திச்சி. பொம்பளைங்களுக்கு அதானாம். நாம ஜாஸ்தி ஒயரத்துல கட்டிக்கினு ஆடியிருக்கோம்."

முன் சீட்டில் தெரிந்த மாமாவின் பின்தலையைப் பார்த்தேன்.

"அப்பாகிட்ட சொல்லாத. சொன்னா அது செத்துரும். ஜொரம் வந்தாப்பல இருந்திச்சி, கை வரலன்னு சொல்லிக்கிறேன்."

அப்படித்தான் சொன்னாள். அவரும் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஆமா, காந்துது" என்றார். அன்று வீட்டுக்கு வந்து நான் டைரியில் ஒரு வரி எழுதினேன்: 'மாமாவுக்குத் தெரியாது.' என் விதியை மீறி, பார்க்காமல் எழுதிய ஒரே வரி அது.

மறுநாள் ஏரிக்கரையில் வலை இல்லை. ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் இருந்தது, இரண்டு மீட்டர் நாற்பத்து மூன்றில். அதற்குப் பிறகு இருபது வருடத்துக்குமேல் அவர் அதே ஆட்களுக்கு அதே வலையைக் கட்டினார். பெண் பெரியவளாகி, தன் முயற்சியில் படித்து, உளுந்தூர்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை ஆனாள். நல்ல விஷயம்தான். ஆனால் ஆட்டக்காரியாக ஆகியிருக்க வேண்டியவள். எனக்கு அவர்மேல் கோபம் ஆறவே இல்லை. உன் மகளை உள்ளே விடாத இடத்துக்கு ஏன் கூட்டப் போகிறாய் என்று பல தடவை கேட்டேன். "ஆட்டம் இன்னா பண்ணிச்சி மச்சான்?" என்பார்.

சென்ற ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை, மில்லிலிருந்து வந்து படுத்தவர் எழுந்திருக்கவில்லை. ஞாயிறு காலை பந்தலில் உடம்பு கிடக்கிறது. கிளப்பிலிருந்து இரண்டு பேர் மாலையோடு வந்தார்கள். மாலையைப் போட்டுவிட்டு என்னை ஓரமாகக் கூப்பிட்டார்கள். வெளியூர் டீம் வந்து இறங்கிவிட்டதாம், பரணில் வலை இருக்கிறதாம், எடுக்க முடியுமா என்றார்கள். நான் அடிக்கப் போனேன். அக்கா அழுதுகொண்டே, "குடுத்துரு, அவரு இருந்தாலும் குடுத்திருப்பாரு" என்றாள். கொடுத்தேன். அந்த வலை திரும்பி வரவேயில்லை. கோல் மட்டும் சுவரோரம் நின்றது.

பத்து மாதம் கழித்துச் செயலாளர் அக்கா வீட்டுக்கு வந்தார். மாமா பெயரில் நினைவுக் கோப்பை நடத்தப் போகிறார்களாம், ஃபிளக்ஸுக்கு ஒரு போட்டோ வேண்டுமாம். அக்காவின் பெரிய பெண் விடுமுறைக்கு வந்திருந்தாள். டீ போட்டுக் கொடுத்தாள். செயலாளருக்கு இப்போது வயது எழுபதை நெருங்குகிறது. விசில் இல்லை. டீயை ஊதிக் குடித்துக்கொண்டே மாமாவைப் புகழ ஆரம்பித்தார்.

"வெகுளி பாப்பா ஒங்கப்பா. சூது வாது தெரியாது. ஒரு தபா ஏரிக்கரையில ஒனக்கு நெட்டு கட்டியிருந்தாரு பாரு, ஆம்பளைங்க ஒயரத்துக்கு! நான் வந்து பாத்துட்டு உள்ளுக்குள்ள சிரிச்சிக்கினு போயிட்டேன்."

அன்பாகத்தான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அக்கா பெண் எழுந்து நின்றாள். "ஒங்களுக்குத் தெரியுமா சார்?"

"நான் ரெஃப்ரீ பாப்பா, தெரியாம இருக்குமா?"

"அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இன்னா சார்? செலக்சனுக்கு ஒரு மாசத்துக்கு மேல இருந்திச்சி."

நாற்பத்தொரு நாள். அன்று மாலை டைரியை எடுத்து எண்ணினேன்.

"ஆசையா கட்டியிருந்தாரும்மா. மனசு நோவுமேன்னு..."

"மனசு நோவுமேன்னு சிரிச்சிக்கினு போனீங்களா?" என்றேன் நான்.

"இன்னா சார், இருவது வருஷத்துக் கத. இப்ப போயி கோச்சிக்கிறீங்க."

அதுவரை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அக்கா, எங்கள் இருவரையும் பார்த்துப் பேசினாள்.

"அவருக்குத் தெரியாதுன்னுதான நீங்க ரெண்டு பேரும் மூடி மூடி வெச்சிக்கினு இருந்தீங்க? காலம் பூரா நெட்டு கட்டுன மனுஷனுக்குக் கண்ணால பாத்தா ஒயரம் தெரியாதா? கயித்துக்கு வெளிய நின்னப்பவே தெரிஞ்சி பூட்ச்சாம். உள்ள போயி சொல்லவும் முடியாம, நின்னு பாக்கவும் முடியாம, பின்னால போயி ஒக்காந்துட்டாராம். வூட்டுக்கு வந்ததும் ஏரிக்கரைக்குப் போயி அவுத்துட்டு வந்தாரு. 'நாந்தான் கெடுத்தேன். புள்ள ஜொரம்னு சொல்லுது. அது அப்பிடியே இருக்கட்டும், நீயும் கேக்காத'ன்னாரு. நான் கேக்கல."

தண்ணீர் குடிக்கப் போன இருபது நிமிடம். என் டைரியிலேயே இருந்தது. நிமிடக் கணக்கோடு எழுதிவைத்து, அடுத்த வரியில் அவருக்குத் தெரியாது என்றும் எழுதியவன் நான்.

அக்கா பெண் அழவில்லை. உள்ளே போய்ப் பீரோவிலிருந்து ஒரு படத்தைக் கொண்டுவந்தாள். மாமா பத்திரமாக வைத்திருந்த கிளப் குழுப்படம். அந்தக் காலத்தில் மைதானத்துக்குப் பின்னால் குப்பைமேடு தெரியும் என்று, படம் எடுக்கும்போது ஒரு நீலப் போர்வையைப் பின்னால் பிடிக்கச் சொல்வார்கள். பிடிப்பவர் மாமா. செயலாளர் வீட்டுத் திண்ணைச் சுவரில் பதினான்கு கோப்பைப் படங்கள் இருக்கின்றன. ஒன்றிலும் அவர் முகம் இல்லை. இந்தப் படத்தில் மட்டும் போர்வையின் வலது ஓரத்தில் நான்கு விரல்கள் தெரியும்.

"எங்கப்பா ஒங்க கிளப்புல இருந்த போட்டோ இது ஒண்ணுதான் சார்" என்று அந்த விரல்களைக் காட்டினாள். "இதையே போட்டுக்குங்க."

"கல்யாண போட்டோ எதனா இருந்தா..."

"அது எங்க வூட்டு போட்டோ சார்."

அவர் அந்தக் குழுப்படத்தையே வாங்கிக்கொண்டு போனார். ஃபிளக்ஸில் அதைத்தான் போட்டிருக்கிறார்கள். நடுவில் இளவயதுச் செயலாளர் கோப்பையோடு நிற்கிறார். அகலம் போதவில்லை என்று வலது ஓரத்தை வெட்டிவிட்டார்கள். விரல்களும் போய்விட்டன.

கோப்பை ஆட்டத்தன்று அக்காவும் பெண்களும் போகவில்லை. நான் போனேன், கோலை எடுத்துக்கொண்டு. ஆட்டம் தொடங்கப் பதினைந்து நிமிடம் இருந்தது. மைக்கில் மாமாவின் பெயரைச் சொல்லி, அவர் சர்வீஸ் போட்டால் எதிரணி நடுங்கும் என்று யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். வலையின் நடுவில் கோலை நிறுத்திப் பார்த்தேன். வலை வெட்டுக்கு இரண்டு விரல்கடை கீழே தொய்ந்து கிடந்தது. டேப்பும் கொண்டுபோயிருந்தேன். மூன்று சென்டிமீட்டர் கம்மி.

செயலாளரிடம் போய்ச் சொன்னேன். மேடை நாற்காலியில் பொன்னாடையோடு உட்கார்ந்திருந்தார்.

"அட, வுடுங்க சார்" என்றார். "யாரு அளந்து பாக்கப் போறாங்க?"

கோலைத் தோளில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். அன்றைய பக்கத்தில் இரண்டு வரிகள்தான் எழுதினேன். வலை நடுவில் மூன்று சென்டிமீட்டர் கம்மி என்பது ஒன்று. மாமாவுக்குத் தெரியும் என்பது மற்றொன்று.